சைக்கிள் இருக்கைப் புண்ணும் தொடை உரசலும்: ஆற்றுவதற்கும் திரும்ப வராமல் தடுப்பதற்கும் ஒரு வழிகாட்டி

வாரத்தில் பல நாட்கள் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இருக்கையில் படும் தோல் சிவந்து எரிவதும், தொடை இடுக்கு உரசிப் புண்ணாவதும், மயிர்க்காலில் கட்டி கிளம்புவதும் அடிக்கடி நேர்கிற தொல்லைகள். இடம் அந்தரங்கமானது என்பதால் யாரும் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதில்லை. புதிதாக ஓட்டத் தொடங்கியவர் கிடைத்த களிம்பைத் தடவுகிறார், மெத்தென்ற உறையை வாங்கி இருக்கையின் மேல் மாட்டுகிறார், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஓட்டுகிறார். இந்தத் தொல்லையோடு நெடுங்காலம் போராடியதில் எனக்குப் புலப்பட்டது இதுதான்: வரிசை தவறும்போதுதான் காசும் நாட்களும் வீணாகின்றன. புண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை. அதை ஆற்றுவது அடுத்தது. செலவில்லாத திருத்தங்கள் எல்லாம் முடிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. புண் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள்

குளித்துத் துடைத்த பின், நல்ல வெளிச்சத்தில், ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கூச்சப்பட்டு இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள், ஏனெனில் காரணம் என்ன என்பதை இடமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

உட்காரும் எலும்புகள் (உட்காரும்போது எடையைத் தாங்கும் இடுப்பெலும்பின் கீழ்முனைகள்) இரண்டுக்கும் நேர்கீழே வலியும் சிவப்பும் இருந்தால், அது அழுத்தத்தால் வந்தது. இருக்கை உங்கள் எலும்பின் அகலத்துக்குப் பொருந்தவில்லை, அல்லது எழுந்து நிற்காமல் நெடுநேரம் ஓட்டுகிறீர்கள். தொடையின் உள்பக்கம் உரசியிருந்தால் இருக்கையின் மூக்குப்பகுதி அகலமாக இருக்கலாம், அல்லது ஆடையின் தையலோ மடிப்போ அங்கே அறுத்திருக்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் புண் வந்தால், இருக்கை அளவுக்கு மீறி உயரமாக இருப்பதையோ, கோணலாகத் திரும்பியிருப்பதையோ, இரு கால்களின் நீளம் வேறுபடுவதையோ சந்தேகிக்க வேண்டும். முன்பக்கத்து மென்மையான பகுதியில் வலியோ மரத்துப்போதலோ இருந்தால், இருக்கையின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறது, அல்லது ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கிறது. தனித்தனியாகச் சிறு சிவப்புக் கொப்புளங்கள் தென்பட்டால் அது மயிர்க்கால் அழற்சி. ஈரமும், அழுக்கு ஆடையும், சவரம் செய்த தோலும் அதற்கு வழிவிடுகின்றன.

ஒன்றை மட்டும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். ஓரம் தடித்துச் சிவந்து, நடுப்பகுதி ஓரளவு தெளிந்து, வளையமாகப் பரவி, வலியைவிட அரிப்பே மிகுதியாக இருந்தால் அது படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. அதற்குப் பூஞ்சைக்கு எதிரான களிம்பு தேவை. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கியது போலத் தோன்றும். ஆனால் உள்ளே தொற்று பரவும், அதன் உருவமும் மாறிப்போவதால் பிறகு மருத்துவரே அடையாளம் காணத் திணற நேரிடும். எனவே களிம்புக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் படிக்காமல் எதையும் தடவ வேண்டாம்.

பார்த்ததை ஒரு சிறு குறிப்பேட்டிலோ கைப்பேசியிலோ எழுதுங்கள்: தேதி, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், எந்த ஷார்ட்ஸ் அணிந்திருந்தீர்கள். இருக்கையின் அளவுகளும் பின்னால் இதே குறிப்பேட்டில்தான் சேரப்போகின்றன. மருத்துவரிடமோ, வண்டியை உடலுக்கேற்ப அமைத்துத் தரும் நிபுணரிடமோ போக நேர்ந்தால், இதைப் போலப் பயன்படும் ஆவணம் வேறு இல்லை.

2. ஓட்டுவதை நிறுத்தித் தோலை ஆற்றுங்கள்

வெறும் சிவப்பும் எரிச்சலும் என்றால் ஓரிரு நாள் ஓய்வு பெரும்பாலும் போதும். மிதமான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ மெல்லிய படலமாகப் பூசுங்கள். வீட்டில் தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள். மேல்தோல் உரிந்து, சீழ் இல்லாத பச்சைப்புண்ணாக இருந்தால், ஹைட்ரோகலாய்டு வகைப் பிளாஸ்திரி உதவும். அது புண்ணை ஈரப்பதத்தோடு மூடி வைத்து, துணி உரசாமல் காக்கும். தொற்று உள்ள புண்ணின் மேல் அதை ஒட்டக் கூடாது. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பச்சைப்புண்ணில் வேண்டாம், அவை ஆறும் திசுவையே பாதிக்கும்.

மயிர்க்காலில் கொப்புளம் வந்திருந்தால் ஓய்வு சில நாட்களிலிருந்து ஒரு வாரம் வரை நீளும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்: ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு 3 அல்லது 4 தடவை. மூடிய கொப்புளத்துக்கு, பருவுக்குப் பயன்படுத்தும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைச் சுற்றுத்தோலில் மெல்லியதாகத் தடவலாம். அது துணியை வெளுக்கும், உரிந்த தோலிலும் பிறப்புறுப்பின் மென்தோலிலும் கடுமையாக எரியும் என்பதால் அங்கெல்லாம் படக் கூடாது.

கொப்புளத்தைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். சீழின் ஒரு பகுதி வெளியே வந்தாலும் மீதியை அந்த அழுத்தம் உள்திசுவுக்குள் தள்ளிவிடும். ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டியது பெரும் கட்டியாக மாறுவது பலமுறை இப்படித்தான்.

ஓய்வு எடுக்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். 1987ஆம் ஆண்டு ஸ்பெயின் சுற்றுப் போட்டியில் முன்னிலையில் இருந்த ஐரிஷ் வீரர் ஷான் கெல்லி, போட்டி முடியச் சில நாட்களே இருக்கும்போது, இருக்கைப் புண்ணால் விலக நேர்ந்தது. மருத்துவக் குழு உடன் வரும் தொழில்முறை வீரராலேயே வலியோடு ஓட்டிச் சமாளிக்க முடியவில்லை என்றால், நாம் நான்கு நாள் நிறுத்துவதில் குறைவு ஒன்றும் இல்லை.

3. மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்

கட்டி பெரிதாகிக்கொண்டே போனால், தொட்டால் சூடாகவும் விண்விண் என்று தெறிப்பாகவும் இருந்தால், ஒரு வாரமாகியும் குறையவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். சீழ்க்கட்டி முற்றிவிட்டால் அதை மருத்துவர் கீறி வடிக்க வேண்டியிருக்கும், களிம்பால் அது கரையாது. நீரிழிவு உள்ளவர்களும், நோய் எதிர்ப்புத் திறனைக் குறைக்கும் மருந்து உட்கொள்கிறவர்களும் ஒரு வாரம்கூடப் பொறுக்காமல் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும்.

காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, புண்ணிலிருந்து கோடாக ஓடும் சிவப்பு, வெளியே தெரியும் புண்ணுக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எல்லாக் கட்டியும் இருக்கையால் வந்ததாகவும் இருக்காது. வால் எலும்பருகே பிட்டப் பிளவில் திரும்பத் திரும்பச் சீழ் வருவது, மலவாய்க்கு அருகில் சிறு துளை வழியாகக் கசிவது, அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாறி மாறிக் கட்டிகள் வந்து தழும்பு விடுவது ஆகியவை வேறு நோய்கள். இருக்கையை எத்தனை முறை மாற்றினாலும் அவை தீராது. சூட்டுக் கட்டி என்று சொல்லி விட்டுவிடாமல் காட்டுங்கள். போகும்போது குறிப்பேட்டையும், அதுவரை தடவிய களிம்புகளின் குழாய்களையும் கொண்டு செல்லுங்கள். மருந்தின் பெயரை நினைவிலிருந்து சொல்ல முயன்றால் பெரும்பாலும் தவறும்.

4. இருக்கையின் உயரம், சாய்வு, தூரம்: செலவில்லாத திருத்தங்கள்

இந்தப் படிக்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஓர் ஆலன் கீ (அறுகோண முனையுள்ள வளைந்த திருகி), ஓர் அளவு நாடா, ஒரு ரசமட்டம் இருந்தால் போதும். எதையும் அசைப்பதற்கு முன், இப்போதுள்ள அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சீட் கம்பி சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு ஒட்டுநாடாவைச் சுற்றி அடையாளம் வையுங்கள். திருத்தம் ஒத்துவராவிட்டால் திரும்பி வர வழி வேண்டும்.

முதலில் உயரம். வழக்கமாக அணியும் காலணியோடு வண்டியில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் பெடலின் மேல் வைத்துக் கீழே கொண்டு வாருங்கள். பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால், முழங்கால் தானாகவே 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். இதைச் சரிபார்க்க ஒரு கணக்கும் உண்டு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டையில் அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து, அந்த அளவை 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் ஏறத்தாழ 70.6 செ.மீ. வரும். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட் கம்பியின் கோட்டில் இருக்கையின் மேற்பரப்பு வரை அந்தத் தூரம் இருக்கலாம். இது தொடங்குவதற்கான அளவுதான், உங்கள் உடல் ஓரிரு செ.மீ. தள்ளிக் கேட்கக்கூடும்.

இருக்கை அளவுக்கு மீறி உயரமாக இருந்தால், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும், தோல் இருக்கையின் மேல் அறுபட்டுக்கொண்டே இருக்கும். நம் இடுப்பு ஆடுவது நமக்கே தெரியாது. ஒருவரைப் பின்னாலிருந்து கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். தாழ்வாக இருந்தாலும் கேடுதான், ஏனெனில் கால் தாங்க வேண்டிய எடையும் இருக்கையின் மேலேயே இறங்கும், முழங்காலின் முன்பக்கமும் வலிக்கும். உயர்த்தும்போது சீட் கம்பியில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச நுழைவுக் கோடு ஒருபோதும் வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் கம்பியோ சட்டமோ முறியும் ஆபத்து உண்டு.

அடுத்தது சாய்வு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இருக்கையின் மேல் நீளவாக்கில் ஒரு நேரான பலகையையும் அதன்மேல் ரசமட்டத்தையும் வையுங்கள். சமமாக இருப்பதிலிருந்து தொடங்குங்கள். முன்பக்கம் அழுத்தம் இருந்தால் மூக்கை ஒரு பாகை, மிஞ்சினால் இரண்டு பாகை தாழ்த்தலாம். வலி போக வேண்டும் என்ற அவசரத்தில் பலர் இதைவிட மிகுதியாகத் தாழ்த்திவிடுகிறார்கள். அப்போது உடல் முன்னோக்கிச் சரிந்துகொண்டே இருக்கும், கையால் தள்ளித் தள்ளிப் பின்னால் வர வேண்டியிருக்கும், மணிக்கட்டும் வலிக்கும், ஒவ்வொரு சரிவிலும் தோலும் உரசும். மேலிருந்து பார்த்து, மூக்கு வண்டியின் மேல்சட்டத்தோடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

முன்பின் தூரத்துக்குத் தூக்குக்குண்டு ஒன்று உதவும். கிராங்க் இரண்டும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தொங்கவிட்ட நூல் பெடல் அச்சின் அருகே விழுந்தால் தொடங்குவதற்கு அது போதும். ஹேண்டில்பார் மிகத் தொலைவிலோ தாழ்விலோ இருந்தால் இடுப்பெலும்பு முன்னால் கவிழ்ந்து, எடை எலும்பை விட்டு மென்மையான பகுதிக்கு மாறிவிடும். அதைச் சற்று உயர்த்துவதோ குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) போடுவதோ பலருக்குப் புது இருக்கையைவிட அதிகப் பயன் தந்திருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உயரம் என்றால் ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ. போதும். அதோடு மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்த்து, எழுதி, பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருநாளும் தெரியாது.

5. ஷார்ட்ஸ்

முதற்செலவு இங்கேதான் வர வேண்டும். சைக்கிள் ஷார்ட்ஸின் உள்ளே உள்ள பேட், அதாவது மெத்தைத் துண்டு, தையல் இல்லாத பரப்பாகத் தோலைத் தொட்டு, வியர்வையை வெளியே இழுக்க வேண்டும் என்றே தைக்கப்படுகிறது. அதற்குள் உள்ளாடை அணிந்தால் அதன் தையலும் ஈரமும் நேராகத் தோலில் படும், பேட் இருந்தும் பயன் இல்லை. எனவே உள்ளாடை இல்லாமலேயே அணிய வேண்டும்.

உடலோடு ஒட்டி, எங்கும் மடிப்பு விழாமல், பேட் நகராமல் இருக்க வேண்டும். கடையில் நின்றபடி போட்டுப் பார்ப்பது போதாது, ஓட்டும்போது குனிவது போலக் குனிந்து பாருங்கள். தடித்த பேட்தான் நல்லது என்று எண்ண வேண்டாம், அளவுக்கு மீறித் தடித்தது மடிந்து உரசும். விலை கூடிய ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு மேல், ஏனெனில் ஒன்று காயும்போது மற்றொன்று வேண்டும். துவைக்காத ஷார்ட்ஸை இரண்டாம் நாள் அணிவது மயிர்க்கால் தொற்றுக்கு நேரான வழி.

உள்பக்கத்தை வெளியே திருப்பி, மிதமான சோப்பில் துவைத்து, நன்றாக அலசி, முழுதும் காய விடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். அது இழைகளின் மேல் படிந்து, வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் திறனைக் கெடுத்துவிடும். பேட் தட்டையாகி, அழுத்தினால் மீளாமல் இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

சாதாரண உடையில் வேலைக்கு ஓட்டிச் செல்கிறவர்கள் ஜீன்ஸைத் தவிர்க்கப் பாருங்கள். அதன் தடித்த தையல்கள் எல்லாம் வந்து கூடும் இடமும் நீங்கள் உட்காரும் இடமும் ஒன்றே. ஷார்ட்ஸ் அணிந்து சென்று, போன இடத்தில் மாற்றிக்கொள்வது எளிது. மாதவிடாய் நாட்களில் நாப்கினின் ஓரம் தொடை இடுக்கை அறுப்பதும் அடிக்கடி நிகழ்வது. மாதவிடாய்க் கோப்பையோ டாம்பனோ ஒத்துவருமானால் அந்த உரசல் இல்லாமற்போகும்.

6. களிம்பும் முடியும்

உரசலைக் குறைக்கும் சைக்கிள் களிம்பை ஓட்டுவதற்கு முன், உரசும் இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவினால் போதும். மென்தால் கலந்தது உரிந்த தோலில் எரியும். பெட்ரோலியம் ஜெல்லி வேலை செய்யும், ஆனால் பேட்டில் படிந்தால் எளிதில் போகாது. பவுடர் வியர்வையில் நனைந்து கட்டிகட்டியாகி, தானே உரசத் தொடங்கும். அந்தரங்கப் பகுதியின் முடியைச் சவரம் செய்யாதீர்கள், முளைக்கும் முடி தோலுக்குள் சுருண்டு கொப்புளமாகும். தொல்லையாக இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம்.

7. இருக்கையை மாற்றுவது

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் செய்து, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்தும் அதே இடத்தில் வலி வந்தால் மட்டுமே இந்தச் செலவில் இறங்குங்கள்.

முதலில் எலும்பின் அகலத்தை அளக்க வேண்டும். கடினமான முக்காலியின் மேல் நெளிவுள்ள அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை வைத்து, மெல்லிய ஆடையோடு அதன்மேல் உட்கார்ந்து, குதிகால்களை உயர்த்திச் சற்று முன்னால் குனிந்து, அரை நிமிடம் அழுத்துங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரமே அளவு. பெரும்பாலோருக்கு அது 100 முதல் 150 மி.மீ.க்குள் இருக்கும். அதோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் இருக்கையின் அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுகிறவருக்குக் கூடுதலாகவும், நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவருக்குக் குறைவாகவும் வேண்டும். முன்பக்கம் அழுத்தம் உள்ளவர்களுக்கு நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள இருக்கை பெரும்பாலும் இதமாக இருக்கும்.

மெத்தென்ற இருக்கையும் ஜெல் உறையும் கடையில் உட்கார்ந்து பார்க்கும் ஐந்து நிமிடத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எலும்புகள் அதில் புதைந்து, நடுப்பகுதி மேலெழும்பி, எந்தத் திசு எடையைத் தாங்கக் கூடாதோ அதை அழுத்தத் தொடங்கும். உறை நகர்ந்துகொண்டே இருப்பதால் உரசலும் கூடும். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களின் இருக்கைகள் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வாங்குவதற்கு முன், ஓட்டிப் பார்த்து ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள், கீறல் விழுந்தால் ஏற்பார்களா என்று கேட்டு, முடிந்தால் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ரசீதையும் பெட்டியையும் வைத்திருங்கள். புது இருக்கையின் தடிமன் பழையதிலிருந்து வேறுபடும் என்பதால், மாட்டியதும் நான்காம் படியில் எழுதிய உயரத்தை மறுபடி அளந்து பொருத்துங்கள். இதை விட்டுவிட்டு நல்ல இருக்கையைக் குறை சொல்கிறவர்கள் பலர்.

8. ஓட்டும்போதும் இறங்கிய பின்பும்

10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை சில நொடிகள் பெடல் மேல் எழுந்து நில்லுங்கள். அழுத்தப்பட்ட தோலுக்கு இரத்தம் மீண்டும் ஓட அந்த இடைவெளி வேண்டும். மேடுபள்ளம் வரும்போது உட்கார்ந்தபடியே ஏறாதீர்கள். வீட்டுக்குள் நிலைத்த வண்டியில் பயிற்சி செய்தால் இன்னும் அடிக்கடி எழ வேண்டும், ஏனெனில் வண்டி அசையாததால் அழுத்தம் ஒரே இடத்தில் விழும், வியர்வையும் அங்கேயே தேங்கும். எதிரே மின்விசிறி வையுங்கள்.

ஓட்டும்போது மரத்துப்போனால், அது நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்குவதன் அறிகுறி. எழுந்து நின்று, வீடு திரும்பியதும் சாய்வையும் ஹேண்டில்பாரையும் சரிபாருங்கள். இறங்கிய பிறகும் மரத்த நிலை தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இறங்கியதும் ஷார்ட்ஸைக் கழற்றிவிடுங்கள். ஈரத்தோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கும் அரைமணி நேரமே கிருமிகளுக்குப் போதும். உடனே குளிக்க இயலாத இடத்தில் மணமில்லாத ஈரத்துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, உலர்த்தி, உலர்ந்த ஆடைக்கு மாறுங்கள்.

9. மீண்டும் தொடங்குவது

கடினமான நாற்காலியில் உட்கார்ந்தால் வலிக்கவில்லை, விரலால் அழுத்தினாலும் கூசவில்லை, தோல் மூடியிருக்கிறது என்றால் தொடங்கலாம். முதல் நாள் அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் ஓட்டாமல் கைக்கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு இல்லையென்றால் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சிவப்பு இருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

ஆறிய பின்னும் அதே இடத்தில் தோலுக்கடியில் உருண்டையாக ஏதோ தங்கியிருந்து, ஓட்டும்போதெல்லாம் வீங்கினால், அது பையோடு கூடிய கட்டியாக இருக்கலாம். அறுவை செய்து பையோடு எடுத்தால்தான் அது நிற்கும். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, எத்தனை வாரம் கழித்து இருக்கையில் உட்காரலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.